அரை மில்லிமீட்டர்

ஒன்பது மணி நேரம் நாற்பது நிமிடம் அந்த முள் இறங்கவே இல்லை.

காலை ஆறு மணிக்கு ஜூலியா கைப் பம்பை அடித்துக் குழாய்களில் தண்ணீர் ஏற்றினாள். மூன்று கிலோ பிரஷர் வந்ததும் வால்வை மூடினாள். மாலை ஆறு வரை கேஜில் முள் இறங்காமல் நின்றால் எந்த ஜாயிண்டிலும் கசிவில்லை என்று அர்த்தம். அதன் பிறகு வீட்டுக்காரர் பாய்லரைப் பற்ற வைப்பார். வீட்டில் இருந்த நாலு பேரில் மூன்று பேர் முள் நிற்க வேண்டும் என்று நினைத்தார்கள். தேவதர்ஷினி மட்டும் அது இறங்க வேண்டும் என்று நினைத்தாள். அப்படி வாய்விட்டு வேண்டிக்கொள்ளவில்லை. அரை மணிக்கு ஒரு தரம் ஏதாவது ஒரு சாக்கில் கேஜ் பக்கம் போய் நின்றாள், அவ்வளவுதான்.

வெள்ளிமலையைத் தாண்டிக் கரியாலூர் போகிற வழியில், ஒரு சரிவில் இருந்தது அந்த வீடு. வீட்டுக்காரர் செபாஸ்தியானும் அவர் மனைவி கிரேஸும் இங்கிலாந்தில் இருபத்திரண்டு வருஷம் நர்ஸ் வேலை பார்த்துத் திரும்பியவர்கள். கள்ளக்குறிச்சிக்குக் கிழக்கே சொந்த ஊர். அங்கே கிரேஸுக்கு வெயில் ஆகவில்லை என்று மலையில் வீடு கட்டினார்கள். மலைக்கு வந்தால் குளிர் ஆகவில்லை. மார்கழியில் விரல் மூட்டெல்லாம் வீங்கி, டம்ளரைக்கூட இரண்டு கையால் பிடிக்க வேண்டியிருந்தது. செபாஸ்தியான் நல்ல வேளையாக ஒரு காரியம் செய்திருந்தார். இங்கிலாந்து வீட்டை விற்கும்போது சுவரில் இருந்த ஏழு ரேடியேட்டர்களையும் கழற்றி, அவற்றின் வால்வுகளோடு, இரண்டு சுருள் செம்புக் குழாயும் வாங்கிப் போட்டு, கட்டில் பீரோவோடு கப்பலில் அனுப்பியிருந்தார்.

ரேடியேட்டர் என்றால் கதவுப் பலகை மாதிரி தட்டையான இரும்புப் பெட்டி. சுவரில் மாட்டினால் உள்ளே சுடுதண்ணீர் ஓடும், அறை சூடாகும். இதை ஜீப்காரர் காசிநாதனுக்குப் புரிய வைக்கவே ஒரு நாள் ஆனது.

"ஒரு வூட்டுக்கு ஏழு ரேடியேட்டரா?" என்றார் அவர். "என் ஜீப்புக்கே ஒண்ணுதான். அதுவும் சூட்டக் கொறைக்க."

"உன் ஜீப்பு ஏறும்போது பாதி வழில நின்னுடுதே. இந்த வூடு எங்கயும் போறதில்ல, அதான் ஜாஸ்தி வெக்கிறாங்க" என்றாள் ஜூலியா.

காசிநாதன் சிரித்தார். செபாஸ்தியான் சிரித்தார். தேவதர்ஷினியின் அண்ணன் செழியன் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தான். தேவதர்ஷினியும் கொஞ்சம் சிரித்தாள். அவளுக்கு அந்தப் பதில் இரவில் படுக்கும்போதுகூடத் தோன்றியிருக்காது.

ஜூலியா வந்து மூன்று மாதம்தான் ஆகிறது. சங்கராபுரம் பக்கம் ஒரு கிராமம். ஐடிஐயில் பிளம்பர் படித்துவிட்டு, கோயம்புத்தூரில் இரண்டு வருஷம் வேலை பார்த்தவள். இருபத்து நாலு வயது. கள்ளக்குறிச்சியில் துருகம் ரோட்டில் இருக்கும் செழியனின் பைப் கடைக்கு ஒரு நாள் காலை தானாக வந்து நின்று, "அண்ணா, வேல இருக்குதா? டீ போடற வேல வேணாம், பைப்பு வேல" என்று கேட்டாள். அன்றைக்கு மத்தியானமே அவளை ஒரு கல்யாண மண்டபத்து வேலைக்குக் கூட்டிப் போனான் செழியன். சாயங்காலம் திரும்பி வந்ததிலிருந்து அவன் வாயில் ஜூலியா என்ற பெயர் குறைந்தபாடில்லை.

தேவதர்ஷினி பி.எஸ்சி. இயற்பியல். படித்து முடித்து நாலு வருஷமாக அண்ணனின் கடையில் இருக்கிறாள். எந்த வீட்டுக்கு எத்தனை அடி குழாய், எங்கே எத்தனை வளைவு, டேங்க் எவ்வளவு உயரத்தில் இருந்தால் எவ்வளவு வேகத்தில் தண்ணீர் வரும் என்று வரைபடம் போட்டுத் தருவது அவள்தான். அவள் போட்ட படத்தில் இதுவரை ஒரு தப்பு வந்ததில்லை. தப்பு வராததாலோ என்னவோ, யாரும் அதைப் பற்றிப் பேசியதில்லை.

சின்னச் சின்ன விஷயங்கள்தான் அவளைப் படுத்தின. மலைக்குச் சாப்பாடு கட்டிவரும்போது செழியன், "ஜூலியாவுக்கு தயிர் சேராது, அவளுக்கு ரசம் தனியா வெச்சிருக்குது பாரு" என்பான். தேவதர்ஷினி சின்ன வயதிலிருந்தே சேப்பங்கிழங்கு சாப்பிட மாட்டாள். வாரத்துக்கு இரண்டு நாள் அதுதான் வரும். அவள் அதை இலையின் ஓரமாக ஒதுக்குவதை அவன் ஒரு நாளும் பார்த்ததில்லை. அப்புறம், அவனை ஜூலியாவும் அண்ணா என்றுதான் கூப்பிட்டாள். ஊரில் யார்தான் யாரை அண்ணா என்று கூப்பிடவில்லை? இருந்தாலும் ஜூலியா கூப்பிட்டால் அவன் உடனே திரும்பினான். தேவதர்ஷினி கூப்பிட்டால் கையிலிருந்த வேலையை முடித்துவிட்டு, "இன்னா பாப்பா" என்றான்.

இதெல்லாம் பொறுத்துக்கொள்ளலாம். கரியாலூர் விஷயத்தைத்தான் அவளால் பொறுக்க முடியவில்லை.

கரியாலூரில் அருவிக்குப் போகிற பாதையில் பதினோரு காட்டேஜ் வரப்போகிறது. பிளம்பிங் வேலை மொத்தமும் செழியனுக்குக் கிடைத்திருந்தது. ஒரு வருஷ வேலை. அங்கேயே தங்கி, ஆட்களை வைத்து வேலை வாங்க ஒரு பொறுப்பான ஆள் வேண்டும். போன ஆடியில் அந்தப் பேச்சு வந்தபோது, "நீதான் பாப்பா பாத்துக்கணும்" என்று செழியன் சொல்லியிருந்தான். அவள் அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டு ஒரு நோட்டில் பதினோரு காட்டேஜுக்கும் படம் போட ஆரம்பித்தாள். ஜூலியா வந்து இரண்டு மாதம் கழித்து, சாப்பிட்டுக்கொண்டிருந்தவன் நிமிராமலே சொன்னான்.

"மலைல அந்த ரேடியேட்டர் வூடு ஒரு சொட்டு ஒழுகாம முடியட்டும். அப்பால ஜூலியாவையே கரியாலூர்ல வுட்டுடலாம்னு பாக்கறன். நீ அங்க ஆம்பளைங்க கிட்ட எல்லாம் சத்தம் போட்டு வேல வாங்கமாட்ட."

அது உண்மைதான். அவளுக்குச் சத்தம் போட வராது. உண்மை என்பதால்தான் அது அப்படி எரிந்தது.

ரேடியேட்டர் வேலையில் ஒரு ஜாயிண்டாவது தானே போட வேண்டும் என்று அவளுக்கு ஆசை. முதல் நாளே கேட்டாள். ஒவ்வொரு ரேடியேட்டருக்கும் இரண்டு குழாய், சூடான தண்ணீர் வர ஒன்று, ஆறிய தண்ணீர் திரும்பிப் போக ஒன்று. சுண்டுவிரலைவிட மெல்லிய செம்புக் குழாய், பத்து மில்லிமீட்டர். அதை வெட்டி, பிசிறு எடுத்து, நட்டை மாட்டி, அதன் மேல் ஒரு பித்தளை வளையத்தைப் போட்டு, வால்வுக்குள் அடி தட்டும்வரை சொருக வேண்டும். நட்டை இறுக்கினால் அந்த வளையம் நசுங்கிக் குழாயைக் கவ்விக்கொள்ளும். வேறு ஒட்டும் பசையோ பற்றவைப்போ கிடையாது. கவ்வுதான் எல்லாம்.

தேவதர்ஷினி ஸ்பேனரைப் பிடித்து இறுக்கினாள். போதுமோ போதாதோ என்று இன்னும் இறுக்கினாள். வளையம் கோணிக்கொண்டு, குழாய் கழுத்தைத் திருகிய கோழி மாதிரி முறுக்கிக்கொண்டது.

"அக்கா, அது இன்னா நம்ம எதிரியா?" என்றாள் ஜூலியா. "கையால முடிஞ்சவரைக்கும் இறுக்குங்க. அப்பால ஸ்பேனர்ல ஒரே ஒரு சுத்து. கீச்சுன்னு ஒரு சத்தம் வரும். அதோட வுட்டுடணும்."

சொல்லிவிட்டுப் போட்டுக் காட்டினாள். கடைசிச் சுற்றில் கண்ணை மூடிக்கொண்டாள், காதால் இறுக்குகிறவள் மாதிரி. கீச்சென்றது. விட்டாள். அந்த ஜாயிண்ட் நகைக்கடைக்காரன் செய்த மாதிரி இருந்தது. தேவதர்ஷினி இன்னும் இரண்டு தரம் முயன்றாள். இரண்டும் கோணின. குழாயை முழங்காலில் வைத்து வளைக்கப் பார்த்தபோது மடங்கிப் போனது. அதற்கு மேல் கேட்கவில்லை. அவள் வீணாக்கிய துண்டுகளும் சேர்ந்துதான் கடைசி அறைக்கு ஆறு மீட்டர் குழாய் குறைந்தது.

கடைசி அறை கிரேஸின் படுக்கையறை. இரண்டு ரேடியேட்டர், நாலு குழாய். ஒவ்வொரு குழாய்க்கும் இரண்டு முனை. ஆக எட்டு ஜாயிண்ட் மிச்சம். பத்து மில்லிமீட்டர் செம்புக் குழாய் வாங்கிவர தேவதர்ஷினியைக் கள்ளக்குறிச்சிக்கு அனுப்பினான் செழியன்.

ஏசி சாமான் விற்கிற கண்ணாயிரம் கடையில்தான் அந்த அளவில் செம்புக் குழாய் இருந்தது.

"பத்து எம்எம் செம்பு பைப்பு, ஆறு மீட்டர்" என்று கேட்டாள்.

"பத்தா? மூணு நூலுதான? எடுத்துக்கினு போம்மா" என்றார் கண்ணாயிரம்.

இங்கே எல்லாக் கடையிலும் நூல் கணக்குதான். ஓர் அங்குலத்துக்கு எட்டு நூல். மூணு நூல் குழாயைப் பத்து எம்எம் என்றும் சொல்வார்கள், பத்து எம்எம் கேட்டால் மூணு நூலை எடுத்துக் கொடுப்பார்கள். ஏசிக்கு அதனால் ஒரு கேடும் இல்லை. அதற்குரிய நட்டும் மூணு நூலுக்குச் செய்ததுதான்.

அன்று சாயங்காலம் வீட்டில், குழாயைப் பையிலிருந்து எடுத்தபோது தேவதர்ஷினியின் விரலுக்கு ஏதோ பட்டது. அவளிடம் சொந்தமாக ஒரு வெர்னியர் காலிப்பர் இருந்தது. காலேஜ் லேபில் அவளைப் போல ரீடிங் எடுக்க ஆளில்லை என்று பெயர். அந்தப் பெருமைக்காகவே வாங்கி வைத்திருந்தாள். அளந்தாள். ஒன்பது புள்ளி ஐந்து இரண்டு. குழாயைத் திருப்பி வைத்து அளந்தாள். வேறோர் இடத்தில் அளந்தாள். அதேதான். மலையிலிருந்து கொண்டுவந்திருந்த பழைய துண்டை அளந்தாள். சரியாகப் பத்து.

அரை மில்லிமீட்டர் கம்மி. கண்ணுக்குத் தெரியாது. பத்துக்கென்று செய்த வளையம் இதைக் கவ்வும், ஆனால் நம்ப முடியாது. இன்றைக்குப் பிடிக்கும், நாளைக்கு விடும்.

அண்ணனிடம் சொல்ல எழுந்தாள். செழியன் பக்கத்து அறையில் போனில் பேசிக்கொண்டிருந்தான். ஜூலியா மலையிலேயே கிரேஸ் வீட்டில் தங்கியிருந்தாள். எந்தச் சுவரில் துளை போடுவது என்று ஏதோ கேட்கிறாள் போல. செழியன் சிரித்தான். பிறகு சொன்னான்: "நீ சொன்னா செரியாதான் இருக்கும் ஜூலியா. போட்டுடு."

நாலு வருஷம். தேவதர்ஷினி போட்ட ஒவ்வொரு படத்தையும் அவன் விரலால் ஓட்டி ஓட்டிப் பார்த்து, இரண்டு கேள்வி கேட்டு, அதற்கப்புறம்தான் தலையாட்டுவான். அந்த ஒரு வார்த்தையை அவளிடம் சொன்னதில்லை.

அவள் காலிப்பரைப் பெட்டியில் வைத்து மூடினாள். நாளைக்குச் சொல்லலாம் என்று நினைத்துக்கொண்டாள். மறுநாள் மலைக்குப் போகிற வழியெல்லாம், கச்சிராயபாளையம் தாண்டி ஜீப் வளைந்து வளைந்து ஏறும்போதெல்லாம், குழாய் அவள் மடியில் இருந்தது. சொல்லவில்லை.

ஜூலியா நட்டையும் வளையத்தையும் அந்தக் குழாயில் மாட்டிப் பார்த்தாள். வளையத்தை விரலால் ஆட்டினாள்.

"அக்கா, கொஞ்சம் லொடலொடன்னு இருக்குது. அதே பைப்புதான?"

"பத்துதான் கேட்டு வாங்கனன்" என்றாள் தேவதர்ஷினி. அதில் ஒரு எழுத்துகூடப் பொய் இல்லை.

"செரி. நீங்க வாங்கிக்கினு வந்தா செரியாதான் இருக்கும்" என்று சொல்லிவிட்டு ஜூலியா குனிந்து வேலையைப் பார்த்தாள்.

தேவதர்ஷினி வெளியே போய், வேலியோரமாகக் கொஞ்ச நேரம் நின்றாள். எதிர்ச் சரிவில் யாரோ சாமை அறுத்துக்கொண்டிருந்தார்கள். திரும்பி உள்ளே வந்தபோது எட்டு ஜாயிண்டில் ஐந்து முடிந்திருந்தது. இனிமேல் சொன்னால் ஏன் முன்பே சொல்லவில்லை என்று கேட்பார்கள். அப்படித்தான் அவள் தனக்குத் தானே காரணம் சொல்லிக்கொண்டாள்.

சோதனை நாள் மத்தியானம் முள் ஒரு மயிரிழை மேலே ஏறியது. ஜூலியாதான் கத்தினாள்.

"அக்கா, இங்க வந்து பாருங்க, ஏறுது! உள்ள தண்ணி குட்டி போடுதா இன்னா?"

"காலைல தண்ணி சில்லுனு இருந்துச்சு. இப்ப வெயிலுல சூடாவுது. விரியறதுக்கு எடமில்ல, அதான் பிரஷர் ஏறுது" என்றாள் தேவதர்ஷினி.

பக்கத்தில் சால்வையைப் போர்த்திக்கொண்டு உட்கார்ந்திருந்த கிரேஸ், "எவ்ளோ அழகா சொல்லுது பாரு. நீ டீச்சர் வேலைக்குப் போயிருக்கலாமே கண்ணு" என்றாள். அன்பாகத்தான் சொன்னாள். இந்த வேலைக்கு நீ சரிப்பட மாட்டாய் என்று சொன்னதாகவே தேவதர்ஷினிக்குக் கேட்டது.

மூன்று மணி நாற்பதுக்கு முள் நடுங்கியது. பிறகு மூன்று கிலோவிலிருந்து இரண்டே முக்காலுக்கு இறங்கியது. தேவதர்ஷினி அப்போது அதன் எதிரில்தான் நின்றுகொண்டிருந்தாள். இத்தனை நேரம் இதற்காகத்தான் காத்திருந்தாள்.

"ஜூலியா" என்று கூப்பிட்டாள். குரல் சின்னதாக வந்தது.

ஜூலியா அறை அறையாக ஓடினாள். கிரேஸ் சாப்பிட்டுவிட்டுப் படுத்திருந்த அறையில், கட்டிலின் தலைமாட்டில் இருந்த ரேடியேட்டர் வால்வுக்கு அடியில், ஒரு சொட்டு தொங்கிக்கொண்டிருந்தது. ஜூலியா ஸ்பேனரை வைத்துக் கால் சுற்று கொடுத்தாள். பட்டென்று ஒரு சத்தம். குழாய் நட்டிலிருந்து உருவிக்கொண்டு வெளியே வந்தது. தண்ணீர் சுவரிலும் கட்டிலிலும் கிரேஸின் முகத்திலும் அடித்தது. கிரேஸ் அலறிக்கொண்டு எழுந்தாள். ஜூலியா குழாயின் வாயைக் கட்டைவிரலால் அழுத்திப் பிடித்துக்கொண்டு, "அக்கா, மெயின்ல எத மூடறது? சீக்கிரம்!" என்று கத்தினாள்.

எதை மூடுவது என்று தேவதர்ஷினிக்குத் தெரியும். படம் போட்டவள் அவள்தானே. ஓடிப்போய் மூன்றாவது வால்வை மூடினாள். தண்ணீர் நின்றது. ஆனால் மெத்தை நனைந்து, ஒரு வாரம் முன்பு அடித்த சுவர்ப் பெயின்ட் உப்பிக்கொண்டு நின்றது.

ஐந்து மணிக்குக் காசிநாதனின் ஜீப்பில் செழியன் வந்து இறங்கினான். வேலை முடிந்ததைப் பார்க்க வந்தவன் சுவரைப் பார்த்தான்.

"இன்னா ஆச்சு?"

தலை முதல் கால் வரை நனைந்து நின்ற ஜூலியாதான் பதில் சொன்னாள். "நட்டு வுட்டுடுச்சுண்ணா."

"அது எப்படி வுடும்? மத்த ரூம்ல இருவது ஜாயிண்டு போட்டுக்கீற. ஒண்ணு வுடல."

தேவதர்ஷினி சுவரோரமாக நின்றாள். இப்போது ஜூலியா சொல்லப்போகிறாள். குழாய் லொடலொடவென்று இருந்தது, அக்காவைக் கேட்டேன், அக்காதான் சரியென்றாள் என்று சொல்லப்போகிறாள். அதற்கு என்ன பதில் சொல்வது என்றுகூட தேவதர்ஷினி தயார் செய்துவிட்டாள். கடைக்காரர் கொடுத்ததை வாங்கி வந்தேன், எனக்கென்ன தெரியும்.

"போடும்போதே எனக்குச் சந்தேகமா இருந்துச்சு" என்றாள் ஜூலியா. "இருந்தும் போட்டன். என் கைதாண்ணா தப்பு."

அவ்வளவுதான். தலையைக்கூடக் குனியவில்லை. அக்காவைக் கேட்டேன் என்று சொல்லவே இல்லை.

"நான் மொதல் நாளே நெனச்சன்" என்றார் வாசலில் நின்ற காசிநாதன். "பொம்பளப் புள்ள எவ்ளோ முறுக்கினாலும் எவ்ளோ வரும்? இதுக்கு ஆம்பளக் கைதான் வேணும்."

"நீ சும்மா இருண்ணே" என்றான் செழியன். ஆனால் அப்படியில்லை என்று சொல்லவில்லை.

செபாஸ்தியான் கோபக்காரர் இல்லை. கவலைதான் பட்டார். "தம்பி, ராத்திரிக்கு இங்க தாங்காது. நேத்து இவ விரல மடக்கவே முடியல. எப்படியாவது இன்னிக்கு பாய்லரப் பத்த வெச்சுடணும்."

"வெச்சுடலாம் சார். ஒரு மணி நேரம் குடுங்க, நானே டைட்டு வெக்கிறன்" என்றான் செழியன். பிறகு ஜூலியா பக்கம் திரும்பினான். குரலை உயர்த்தவில்லை. "நீ கெளம்பு ஜூலியா. காசிநாதண்ணே வெள்ளிமலைல எறக்கி வுடுவாரு. ஆறரைக்கு பஸ்ஸு இருக்குது. கொஞ்ச நாள் வூட்ல இரு. நானே சொல்லி அனுப்பறன்."

சொல்லி அனுப்பமாட்டான் என்று எல்லோருக்கும் தெரிந்தது.

"கரியாலூர நீயே பாத்துக்க பாப்பா" என்றான் தங்கையிடம். "வெளி ஆள நம்பினது என் தப்பு."

ஆடி மாதத்திலிருந்து அவள் காத்திருந்த வார்த்தை. அது அவள் கையில் வந்து விழுந்தது. அண்ணன் அதைச் சொல்லும்போது அவளைப் பார்க்கவில்லை என்பதை அவள் கவனித்தாள். ஈரக் கையோடு நின்ற ஜூலியாவைத்தான் பார்த்துக்கொண்டிருந்தான், துக்க வீட்டில் நிற்கிறவன் மாதிரி. போகச் சொல்லும்போதும் அவளுக்குத்தான் அந்த முகம்.

"அண்ணா" என்றாள் ஜூலியா. "போறன். போறதுக்கு முன்னாடி ஒண்ணே ஒண்ணு போட்டுப் பாக்கறன். எங்க தப்புன்னு எனக்குத் தெரியணும்."

செழியன் தலையாட்டினான்.

அவள் ஈரத் தரையில் உட்கார்ந்தாள். உருவிக்கொண்ட முனையை வெட்டி எறிந்தாள். பிசிறு எடுத்தாள். புது வளையம் மாட்டினாள். அடி தட்டும்வரை சொருகினாள். கையால் இறுக்கினாள். ஸ்பேனரை வைத்துக் கண்ணை மூடி ஒரே ஒரு சுற்று. எல்லோரும் பார்த்துக்கொண்டு நின்றார்கள். அதில் ஒரு குறையும் இல்லை. இதற்கு மேல் சுத்தமாக அந்த வேலையை யாரும் செய்ய முடியாது. அந்த அறையில் அது தெரிந்த ஒரே ஆள் தேவதர்ஷினி. தோற்கப்போகிற ஜாயிண்டைக்கூட அவள் அப்படிப் போட்டாள். பார்க்கப் பார்க்க தேவதர்ஷினிக்கு வயிறு எரிந்தது.

செழியன் பம்பை அடித்தான். முள் இரண்டைத் தொட்டதும் நட்டின் விளிம்பில் ஒரு சொட்டு வந்து நின்றது.

ஜூலியா அந்தச் சொட்டையே பார்த்தாள். பிறகு தன் வலது கையைத் திருப்பி உள்ளங்கையைப் பார்த்தாள், அது வேறு யாருடையதோ என்பது மாதிரி. "கீச்சுன்னு வரலண்ணா" என்றாள் மெதுவாக. "எனக்குக் கேக்க மாட்டேங்குது."

"போதும்மா, எழுந்திரு" என்று ஸ்பேனரை வாங்கினான் செழியன். நரம்பு புடைக்க முறுக்கினான். பாக்கி ஜாயிண்டுகளையும் ஒவ்வொன்றாக முறுக்கினான். மறுபடி பம்பை அடித்தபோது முள் மூன்றில் நின்றது. சொட்டு வரவில்லை.

"பாத்தியா" என்றார் காசிநாதன்.

செபாஸ்தியான் விறகு எடுக்கப் பின்பக்கம் போனார். கிரேஸ் வேறு மெத்தை போடச் சொல்லி, ஸ்வெட்டரோடு கட்டிலில் ஏறிப் படுத்துக்கொண்டாள். அவள் தலைக்கும் அந்த நட்டுக்கும் ஒரு முழம்கூட இல்லை. மத்தியானம் அவள் முகத்தில் அடித்தது பச்சைத் தண்ணீர். பாய்லர் எரிந்தால் எழுபது டிகிரி. செம்பு விரியும், ஆறினால் சுருங்கும், பித்தளை வேறு அளவில் விரியும். செழியனின் முறுக்கு எத்தனை தரம் அதைத் தாங்கும் என்று தேவதர்ஷினிக்கு மனக்கணக்கு ஓடியது. நிறுத்த நினைத்தாலும் நிற்கவில்லை.

ஜூலியா தோளில் பையை மாட்டிக்கொண்டு கிரேஸிடம் சொல்லிக்கொண்டாள். வாசலில் தேவதர்ஷினியைத் தாண்டும்போது நின்றாள். கண் சிவந்திருந்தது, ஆனால் வாய் அடங்கவில்லை.

"அக்கா, கரியாலூர்ல மொழங்கால்ல வெச்சு வளைக்காதீங்க. உங்களுக்கு அது வராது. பைப்பு மேல ஸ்பிரிங்கு போட்டு வளைங்க, மடங்காது."

போகிறபோதும் ஒரு குத்து. அதிலும் ஒரு சரியான யோசனை. தேவதர்ஷினிக்குக் கோபம் வந்தது. கோபத்தோடு இன்னொன்றும் வந்தது. நாலு பேர் எதிரில் நிமிர்ந்து நின்று, என் கைதான் தப்பு என்று சொன்னாளே, அது எப்படி இருக்கும்? செய்யாத தப்பையே அவளால் அப்படிச் சொல்ல முடிந்தது. தேவதர்ஷினி இருபத்தாறு வருஷத்தில் செய்த தப்பைக்கூட ஒரு தரம் சொன்னதில்லை. அவள் தப்பே செய்ததில்லை என்று வீட்டில் பெயர். கரியாலூரை எடுத்துக்கொண்டாலும் அந்த ஒன்று ஜூலியாவிடமே இருக்கும், பஸ் ஏறி அவளோடு போய்விடும். அதுவும் தனக்கு வேண்டும் என்று அவளுக்கு இருந்தது.

பின்பக்கத்திலிருந்து விறகு முறிகிற சத்தம் கேட்டது.

"அண்ணா, பாய்லரப் பத்த வெக்க வேணாம்னு சொல்லு" என்றாள்.

செழியன் திரும்பினான். கூப்பிட்டவுடன் திரும்பினான். "ஏன்?"

"நான் வாங்கிக்கினு வந்தது பத்து எம்எம் பைப்பு இல்ல. மூணு நூலு. அரை மில்லிமீட்டர் கம்மி. யாரு போட்டாலும் நிக்காது. நீ முறுக்கினதும் நிக்காது. சூடு ஏறினா கிரேஸம்மா மேல அடிக்கும்."

ஜீப் வரைக்கும் போயிருந்த ஜூலியா வாசலுக்குத் திரும்பி வந்தாள். கிரேஸ் கட்டிலிலிருந்து மெதுவாக எழுந்து உட்கார்ந்தாள். "ஏங்க, இருங்க, பத்த வெக்காதீங்க" என்று ஜன்னல் வழியாகக் கூப்பிட்டாள்.

செழியன் தங்கையின் அருகில் வந்தான். "உனக்கு எப்படித் தெரியும்?"

இப்போதுதான் தோன்றியது என்று சொல்லலாம். ஜூலியா போட்டதைப் பார்த்தபோதுதான் சந்தேகம் வந்தது என்று சொல்லலாம். சொன்னால் நம்புவான். நல்ல வேளை சொன்னாய் என்று பாராட்டக்கூடச் செய்வான். ஜூலியாவுக்கும் வேலை போகாது, கரியாலூரும் தன்னிடமே இருக்கும். அது வாய் வரைக்கும் வந்தது.

வாசலில் ஜூலியா பையைக் கீழே வைக்காமல் நின்றுகொண்டிருந்தாள்.

"வாங்கின அன்னிக்கே அளந்து பாத்தண்ணா" என்றாள் தேவதர்ஷினி. வழக்கத்தைவிடச் சத்தமாகவே வந்தது. "தெரிஞ்சேதான் அவகிட்ட குடுத்தன்."